மிதக்காத முட்டை

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஸ்கேல் டீச்சர் என்று பெயர். யாரையும் ஸ்கேலால் அடித்து வந்த பெயரில்லை. ஸ்கேல் இல்லாமலே கரும்பலகையில் நூல் பிடித்தாற்போல் கோடு போடுவாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கை நடுங்காமல் இழுத்து, நடுவில் இரண்டு கோடு கிழித்து, மூன்று கட்டம் ஆக்குவாள். திடம், திரவம், வாயு. ஒவ்வொன்றின் கீழும் பண்புகள், முத்து முத்தான எழுத்தில். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், மனப்பாடம் செய்வார்கள், பரீட்சையில் கக்குவார்கள், மதிப்பெண் வாங்குவார்கள். அவள் வகுப்பில் அறிவியலில் யாரும் தவறியதில்லை. புதிதாகச் சேர்க்க வரும் பெற்றோர்கூட, “ஸ்கேல் டீச்சர் கிளாஸ்ல போடுங்க சார்” என்று தலைமை ஆசிரியரிடம் கேட்பதுண்டு. அவள் அதைக் காதில் விழாதவள் போல நடந்து போவாள். நடையில் மட்டும் ஒரு மிடுக்கு கூடியிருக்கும்.

அப்படி இருந்தவளின் வாழ்க்கையில்தான் ஓரகத்தி வந்து சேர்ந்தாள்.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, அவனும் அவன் மனைவியும் அதே கட்டடத்தின் மேல் வீட்டுக்குக் குடிவந்தார்கள். அதுவரை ஒரு குறையும் இல்லை. சின்னவள் நல்ல பெண். வாய் நிறைய “அக்கா, அக்கா” என்பாள். பிறகு ஒருநாள், உங்கள் பள்ளியிலேயே அறிவியல் ஆசிரியையாக வேலை கிடைத்துவிட்டது என்று இனிப்பும் கையுமாக வந்து நின்றாள். ஸ்கேல் டீச்சர் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, “ரொம்ப சந்தோஷம்மா” என்றாள். சந்தோஷம்தான். நாம் சொல்லிக் கொடுக்கலாம், நம் பின்னால் நடப்பாள் என்று நினைத்தாள்.

சின்னவள் யார் பின்னாலும் நடக்கிற ரகம் இல்லை.

ஏழாம் வகுப்பின் முதல் பிரிவு ஸ்கேல் டீச்சருக்கு, இரண்டாம் பிரிவு சின்னவளுக்கு. ஆசிரியையின் பிள்ளை அவருடைய வகுப்பில் படிக்கக் கூடாது என்று பள்ளியில் ஒரு விதி. அதனால் ஸ்கேல் டீச்சரின் ஒரே மகள், வீட்டில் வாலு என்று கூப்பிடப்படுகிறவள், சின்னவளின் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். வினையின் விதை அங்கே விழுந்தது.

சின்னவள் முதல் நாளே கரும்பலகையைத் தொடவில்லை. ஒரு கூடை நிறையப் பண்டங்களைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினாள். மெழுகுவர்த்தி, தேன், பஞ்சு, ஆணி, மணல், ஊதின பலூன், கண்ணாடிக் கோலி.

“இதையெல்லாம் தொடுங்க, அமுக்குங்க, ஊத்துங்க, உருட்டுங்க. வாயில மட்டும் வைக்கக் கூடாது. தெரியாத பொருளை நாக்குல வைக்கறவன் என் கிளாஸ்ல இருக்க முடியாது. அப்புறம், எது எதோட சேரும்னு நீங்களே பிரிச்சு வைங்க. ஏன் அப்படிப் பிரிச்சீங்கன்னு எனக்குச் சொல்லணும், அவ்வளவுதான்.”

அரைமணி நேரத்தில் அந்த வகுப்பு சந்தைக்கடை ஆனது. பலூனுக்கு எடை உண்டா இல்லையா என்று இரண்டு கோஷ்டி மல்லுக்கட்டியது. ஒருத்தி தேனைத் திடப்பொருள் பக்கம் வைத்துவிட்டு, “மெதுவாத்தானே மிஸ் நகருது” என்று வாதாடினாள். அடுத்த வாரம் எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைப் போட்டுப் பாட்டிலின் வாயில் பலூனை மாட்ட, அது தானாக உப்பி எழுந்தது. அன்றிலிருந்து சின்னவளுக்குக் குமிழி மிஸ் என்று பெயர் விழுந்துவிட்டது. ஸ்கேல் டீச்சருக்குப் பெயர் விழ ஆறேழு வருஷம் ஆகியிருந்தது.

“என்னம்மா, உன் கிளாஸ்ல தினமும் கல்யாண வீடு மாதிரி இருக்கு?” என்று ஆசிரியர் அறையில் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

“சத்தம் தொந்தரவா இருக்காக்கா? கதவைச் சாத்திக்கறேன்.”

“சத்தத்தை விடு. பாடம் எப்ப முடிப்ப? பரீட்சையில பலூனா ஊதச் சொல்லுவாங்க?”

கணக்கு வாத்தியார் நடுவில் புகுந்தார். “பாடம் கிடக்கட்டும் மேடம். மதியம் முதல் பீரியட்ல ஒரு பையன்கூடத் தூங்கல அந்த கிளாஸ்ல. என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல.”

ஸ்கேல் டீச்சருக்குள் எங்கோ திரி பற்றிக்கொண்டது. தன் வகுப்பில் பிள்ளைகள் தூங்குவதை அந்த ஆள் சொல்கிறாரா, இல்லை பொதுவாகத்தான் சொல்கிறாரா? அதற்கு விடை தெரியாமல் அன்று டிபன் டப்பாவைப் பாதியில் மூடினாள்.

பள்ளியோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அது வீட்டுக்குள்ளும் வந்தது. ஒரு மாலை, வாலு சமையலறையில் ஒரு கிண்ணத்து மணலை இன்னொரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

“அம்மா, திடப்பொருளுக்கு நிலையான உருவம் உண்டுன்னு நீ சொல்லுவியே. மணல் தண்ணி மாதிரி ஊத்துது, கிண்ணத்தோட உருவத்துக்கு வருது. அப்ப அது திரவமா?”

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “திடப்பொருள்தான்டி. புக்ல போட்டிருக்கு பாரு.”

“புக்ல போட்டிருக்கறது தெரியும். ஏன்?”

“ஏன்னா அது அப்படித்தான். தரையெல்லாம் மண்ணாக்காம எடுத்துட்டுப் போ.”

வாலு கிண்ணங்களோடு மாடிப்படி ஏறினாள். சற்று நேரத்தில் குதித்துக்கொண்டு இறங்கி வந்தாள். கையில் ஒரு லென்ஸ்.

“சித்தி குடுத்தாங்க! பாரும்மா, ஒவ்வொரு மணலும் ஒரு குட்டிக் கல்லு. அதோட உருவம் மாறவே இல்ல. கூட்டமா ஓடும்போதுதான் தண்ணி மாதிரி தெரியுது. சித்தி சொல்லக்கூட இல்ல, லென்ஸைக் குடுத்து என்னையே பாக்கச் சொன்னாங்க.”

விடை அவளுக்குத் தெரியாததா? வகுப்பில் யாரும் கேட்டிருந்தால் அழகாகச் சொல்லியிருப்பாள். ஆனால் மகள் முதலில் கேட்டது தன்னிடம். தன்னிடம் கேட்டுவிட்டு, கிடைக்காமல், மாடி ஏறிப் போயிருக்கிறாள். பெற்ற வயிறு பற்றி எரிவது என்றால் என்ன என்று அன்று அவளுக்குத் தெரிந்தது. இரவுச் சாப்பாட்டின்போது வாலு “சித்தி” என்ற சொல்லை எத்தனை தடவை சொன்னாளோ, அத்தனை தடவையும் அவள் கரண்டியைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

“என்ன, பாத்திரம் பேசுது?” என்றார் கணவர்.

“உங்க தம்பி பொண்டாட்டி புகழ் பாடிட்டிருக்கா உங்க பொண்ணு. பாத்திரம் தாளம் போடுது.”

கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் வகுப்புகளைப் பார்வையிட வரப்போவதாகச் செய்தி வந்தது. இத்தனை வருஷமாக, யார் வந்தாலும் தலைமை ஆசிரியர் அவர்களைக் கையோடு கூட்டி வருவது ஸ்கேல் டீச்சரின் வகுப்புக்குத்தான். இந்த முறை அவர் தாழ்வாரத்தில் அவளை நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்தத் தடவை குமிழி மிஸ் கிளாஸைக் காட்டலாம்னு இருக்கேன் டீச்சர். புதுசா இருக்கும். நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“நான் ஏன் சார் தப்பா எடுத்துக்கப்போறேன்? எங்க வீட்டுப் பொண்ணு. எனக்கும் பெருமைதானே” என்றாள் அவள். பல் தெரியச் சிரித்தாள். கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

அன்று சின்னவள் முட்டையை மிதக்கவிடப் போகிறாள் என்று வாலுவே வந்து சொன்னாள். சாதாரணத் தண்ணீரில் முட்டை மூழ்கும். உப்பைக் கரைக்கக் கரைக்கத் தண்ணீரின் அடர்த்தி கூடி, முட்டை மெல்ல மேலே வரும். எல்லாம் ஆய்வகத்தில் தயாராக இருந்தது: கண்ணாடிக் குவளைகள், ஒரு தட்டில் முட்டைகள், பொடியுப்பு நிறைந்த பெரிய டப்பா.

அதிகாரி வருகிற அன்று காலை, மணி அடிப்பதற்கு முன்பே ஸ்கேல் டீச்சர் ஆய்வகத்துக்குள் போனாள். கைப்பையில் சமையல் சோடாப் பொட்டலங்கள். அவள் ஒன்றும் தெரியாமல் அதை எடுத்து வரவில்லை. சர்க்கரை போட்டால் காரியம் கெடும், முட்டை அதிலும் மிதக்கும். சோடா உப்பளவுக்குக் கரையாது. எவ்வளவு கொட்டினாலும் மிச்சம் அடியில் தங்கும். புது முட்டையைத் தூக்கும் அளவுக்கு அந்தத் தண்ணீர் கனக்காது. படித்த படிப்பு முழுவதும் அந்தக் காரியத்துக்கு உதவியது. உப்பை ஒரு பையில் கொட்டி, டப்பாவைச் சோடாவால் நிரப்பி மூடியபோது கை நடுங்கியது. கரும்பலகையில் ஒருநாளும் நடுங்காத கை.

அதிகாரி அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமை ஆசிரியர். ஸ்கேல் டீச்சர் கடைசிச் சுவரோரம் நின்றுகொண்டாள், வீட்டுப் பெண்ணின் பாடத்தைப் பார்க்க வந்தவளாக.

பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் குவளைகளைச் சுற்றி நின்றார்கள். ஒரு கரண்டி போட்டார்கள், கலக்கினார்கள், முட்டையை விட்டார்கள். மூழ்கியது. இன்னொரு கரண்டி. மூழ்கியது. கரண்டி கரண்டியாகக் கொட்டினார்கள். தண்ணீர் வெளுத்துக் கலங்கியது, முட்டை அடியிலேயே சாவகாசமாகப் படுத்திருந்தது.

சின்னவளின் முகம் மாறியது. உதட்டின் மேல் வியர்வை அரும்பியது. தலைமை ஆசிரியர் நாற்காலியில் நெளிந்தார். ஸ்கேல் டீச்சருக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. எத்தனை மாதத்து எரிச்சல்! அந்தக் குளுமை ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். “மிதக்கும்னு நான் சொன்னேன். மிதக்கல. அப்ப எங்கேயோ நான் தப்பா நினைச்சிருக்கேன். எங்கேன்னு கண்டுபிடிங்க.”

வகுப்பில் ஒரே கூச்சல்.

“முட்டை கெட்டுப்போச்சு மிஸ்!”

“கெட்டுப்போனா இன்னும் நல்லா மிதக்கும்டா, எங்க அம்மா அப்படித்தான் கண்டுபிடிப்பாங்க!”

“தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு!”

“ஒவ்வொண்ணா பாப்போம்” என்றாள் சின்னவள். “ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும்தான் மாத்தணும். ரெண்டை மாத்தினா எதனாலன்னு தெரியாமப் போயிடும்.”

முட்டையை மாற்றினார்கள், மிதக்கவில்லை. தண்ணீரைக் குறைத்தார்கள், மிதக்கவில்லை. அப்போது வாலு குவளையின் அடியைக் குனிந்து பார்த்தாள். படிந்து கிடந்த பொடியைக் காட்டி, “இவ்வளவு கலக்கியும் இது ஏன் கரையல?” என்றாள். டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கறுப்புக் காகிதத்தில் தூவி, லென்ஸை வைத்தாள்.

“மிஸ், போன வாரம் உப்பைப் பாத்தோமே, குட்டிக் குட்டிப் பெட்டி மாதிரி இருந்துச்சு. இதுல பெட்டியே இல்ல. மாவு மாதிரி இருக்கு.”

ஒரு பையன் விரலை நக்கப் போனான். “வாயில வைக்காதடா!” என்று வகுப்பே கத்தியது.

“நக்காம எப்படிக் கண்டுபிடிக்கறது?” என்றான் அவன் பரிதாபமாக.

“எலுமிச்சை இருக்கா மிஸ்?” என்று கேட்டாள் வாலு.

இருந்தது. இரண்டு சொட்டு விட்டதும் பொடி ‘புஸ்’ஸென்று நுரைத்துப் பொங்கியது. “சோடா! சோடா!” என்று பிள்ளைகள் பெஞ்சுகளின்மேல் ஏறிக் குதித்தார்கள். யாரோ மதிய உணவுக் கூடத்துக்கு ஓடி உப்பு வாங்கி வந்தார்கள். புதுத் தண்ணீரில் அதைக் கரைத்ததும் முட்டை தலையாட்டிக்கொண்டு மேலே வந்தது. அதிகாரி அம்மாள் எழுந்து நின்று கைதட்டினார்.

சுவரோரம் நின்றவளும் கூடவே கைதட்டினாள். தன் திருட்டைத் தன் மகளே, படிப்படியாக, சாட்சிகளை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டாள். அந்த நிலையிலும், ச்சே, எவ்வளவு கெட்டிக்காரி என்று ஒரு பெருமிதம் வந்தது. இந்தக் கெட்டிக்காரத்தனத்தை வளர்த்தது நான் இல்லை என்று அதன் பின்னாலேயே ஒரு எரிச்சலும் வந்தது.

“பிரமாதம்” என்றார் அதிகாரி அம்மாள். “டப்பாவை மாத்தி வைக்கற இந்த யோசனை யாரோடது?”

சின்னவள் நிமிர்ந்து கடைசிச் சுவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

“எங்க ஸ்கேல் மேடம் யோசனைதான்” என்றாள். “எனக்கே சொல்லாம செஞ்சிட்டாங்க.”

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். வாலு ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “அம்மா! நீயா? எனக்குக்கூடச் சொல்லலியே!” தேள் கொட்டின திருடன் போல, கத்தவும் முடியாமல் ஓடவும் முடியாமல், ஸ்கேல் டீச்சர் சிரித்துக்கொண்டு நின்றாள்.

மாலையில் மொட்டைமாடியில் சின்னவள் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இவள் ஏறிப் போய், கொடியின் இந்தப் பக்கம் நின்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“காலையில நீங்க லேப்லேர்ந்து போறதைப் பாத்தேன். எனக்கு உதவி பண்ண வந்தீங்கன்னு நினைச்சுச் சந்தோஷப்பட்டேன்க்கா.” சட்டையை உதறி மடித்தாள். “சோடான்னு தெரிஞ்சதும் புரிஞ்சுபோச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே. ஊரே காறித் துப்பியிருக்கும்.”

“உங்க பொண்ணு லென்ஸும் கையுமா நின்னுட்டிருந்தா. அவ முன்னாடி எப்படிச் சொல்றது?” மடித்த சட்டையைக் கூடையில் எறிந்தாள். “எனக்குக் கோவம் இல்லன்னு நினைச்சுக்காதீங்க. இனிமே என் டப்பா பக்கம் வராதீங்க. திட்டணும்னா நேரா வந்து திட்டுங்க.”

“உன்னைத் திட்ட என்ன இருக்கு?” என்றாள் ஸ்கேல் டீச்சர். கொடியைப் பிடித்துக்கொண்டாள். “வயித்தெரிச்சல்டி. வேற ஒண்ணும் இல்ல. என் பொண்ணு என்கிட்ட கேட்டுட்டு உன்கிட்ட வந்தா பாரு, அன்னைக்குப் பிடிச்சது. தப்புதான்.”

சின்னவள் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அதன்பின் வெகுநாள்வரை, “அக்கா, தண்ணி வருதா” என்பதற்குமேல் பேச்சு வளரவில்லை. தோற்கடித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், காப்பாற்றிவிட்டாளே என்று ஸ்கேல் டீச்சர் மருகினாள். பெருந்தன்மையிலும் சின்னவளே முந்திக்கொண்டாள்.

செய்த வினைக்குத் தண்டனை வேறு விதமாக வந்தது. தலைமை ஆசிரியர் பூரித்துப்போய், எல்லா வகுப்புக்கும் அதே மாதிரி ஒரு ‘மர்மப் பொடி’ பாடம் நடத்தும்படி அவளிடமே சொல்லிவிட்டார். “யோசனை உங்களோடது ஆச்சே டீச்சர்!” மறுக்க வாய் ஏது?

முதல் பாடம் படுதோல்வி. வெள்ளைப் பொடிகளைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் விடையைத் தானே சொல்லிவிட்டாள். பழக்கதோஷம். இரண்டாவது முறை, உதட்டைக் கடித்துக்கொண்டு கைகளைப் பின்னால் கட்டி நின்றாள். அவர்கள் தப்பான வழியில் போகப் போக அவளுக்கு உள்ளங்கை அரித்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நாக்கு துடித்தது. சொல்லவில்லை. பின்பெஞ்சில் எப்போதும் கொட்டாவி விடும் ஒருத்தி, மாவுப்பொடியில் அயோடின் சொட்டு விழுந்து கருநீலமானதைக் கண்டு, “டீச்சர், இங்க வாங்களேன்!” என்று அலறினாள். தன் வகுப்பில் யாரும் தன்னை அப்படி அவசரமாகக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதன்பின் அவள் மாறிவிட்டாள் என்று கதை கட்ட முடியாது. கட்டம் போடுவதை விடவில்லை. பிள்ளைகள் கண்டுபிடித்த பிறகு போட்டாள். பொறாமையையும் விடவில்லை. சின்னவள் மூன்று பொடி வைத்தால் இவள் ஐந்து வைத்தாள். சின்னவள் மெழுகை உருக்கினால், இவள் மெழுகையும் பனிக்கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் உருக்கி, எது தன் திரவத்தில் மிதக்கும், எது மூழ்கும் என்று பந்தயம் கட்ட வைத்தாள். “உங்க வீட்டுச் சண்டையில பசங்க விஞ்ஞானி ஆயிடுவாங்க போலிருக்கே” என்றார் கணக்கு வாத்தியார். சின்னவள் அதைக் கேட்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு, இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

சின்னவள் பிரசவ விடுப்பில் போனபோது இரண்டு பிரிவும் ஸ்கேல் டீச்சரின் தலையில் விழுந்தன. இரண்டாம் பிரிவுக்குள் கூடையோடு நுழைந்த முதல் நாளே ஒரு பையன் கேட்டான், “குமிழி மிஸ் எப்ப வருவாங்க டீச்சர்?” மறுநாள் இன்னொருத்தி. அதற்கு மறுநாள் முழு வகுப்பும். இவள் பாகும் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கடுக்காக நிற்கும்படி ஊற்றிக் காட்டினாள். ஆவென்று பார்த்தார்கள். பார்த்து முடித்துவிட்டு, “குமிழி மிஸ் இதுல கலர் கலந்திருப்பாங்க” என்றார்கள். ஆளே இல்லாத இடத்திலும் ஜெயிக்கிறாளே என்று அவளுக்குப் புகைந்தது.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும், கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். சின்னவள் தலையணையில் சாய்ந்து கிடந்தாள். முகம் வெளுத்து, கண்ணடியில் கருவளையம். மடியில் குழந்தை தூங்கியது.

“குடி, சூடு ஆறிடும்” என்று கிண்ணத்தை நீட்டினாள்.

ஒரு வாய் குடித்துவிட்டு, ரொம்ப நேரமாக அடக்கி வைத்திருந்தது போல் சின்னவள் கேட்டாள். “என் பசங்க எப்படிக்கா இருக்காங்க? என்னைக் கேக்கறாங்களா?”

“உன்னையா?” ஸ்கேல் டீச்சர் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். “யாரும் கேக்கல. நான் நடத்துறதுல ஆழ்ந்து போயிட்டாங்க.”

“ஓ” என்றாள் சின்னவள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணோரம் நனைந்ததை மறைக்கக் கிண்ணத்தின்மேல் குனிந்துகொண்டாள்.

ஸ்கேல் டீச்சர் காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனாள். செருப்பை மாட்டினாள். படியில் ஒரு கால் வைத்தவள், திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தினமும் கேக்குதுங்க. காலையில உள்ள நுழையறதுக்குள்ள கேக்குதுங்க. என் உசிரை வாங்குதுங்க. போதுமா?”

பதிலுக்குக் காத்திராமல், தடதடவென்று படியிறங்கிப் போனாள்.